போளைச் சோடா

உட்துறைமுக வீதியில் என் சோடாக் கம்பனி.
கம்பனி என்றால் ஒரு மெஷின்,
இரண்டு சிலிண்டர், நான், யோகேஸ்,
மழைக்கு ஒழுகும் தகரக் கூரை.
வெயிலுக்கும் ஒழுகுது என்பான் யோகேஸ்.

பச்சைப் போத்தலைச் சுழற்றித்
தண்ணீருக்குள் வாயுவை அடைப்போம்.
போளை எழும்பிக் கழுத்தில் இறுகும்.
இவ்வளவுதான் தொழில்:
போகத் துடிப்பதைப்
போகவிடாமல் வைத்திருத்தல்.

குளிர்ந்த தண்ணீர் குடிக்கும்,
சுட்ட தண்ணீர் துப்பும்.
பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.
சித்திரையில் கரண்ட் போன நாட்களில்
எவ்வளவு அடைத்தாலும் சப்பென்று நிற்கும் சோடா
சொல்லித் தந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜெஸீலா வருவாள்.
கிண்ணியாக்காரி.
கொட்டியாரக் குடா நடுவில் படகை நிறுத்திக்
கம்பியில் கட்டிய போத்தலை இறக்கி
இருட்டான ஆழத்திலிருந்து கடலை மொண்டு வருகிறவள்.
அவளுக்குத் தேசிக்காய்ச் சோடா, உப்புக் கூட.
"கடலும் உங்கட கம்பனிதான் அண்ணே" என்றாள் ஒருநாள்.
"மூடி மட்டும் இல்ல."

அவள் பஸ் ஏறிய பிறகுதான்
எனக்குப் புரையேறியது.

நாங்கள் ஏற்றும் புகையில்
நாலில் ஒரு பங்கு கடலின் வாய்க்குள் போகிறதாம்.
யோகேஸின் ஓட்டோ,
சீமெந்துக்காகச் சுட்ட கல்லின் பெருமூச்சு,
என் ஜெனரேட்டர்,
எல்லாவற்றிலும் ஒரு மடக்கு,
ஏப்பம் விடாமல்.

கந்தளாய் வயலில் வைக்கோல் எரிகிறதே என்றேன்.
அது போன போகத்துக் காற்று,
வாற போகத்து நெல்லு திரும்ப வாங்கும் என்றாள்.
கைமாற்று.
டீசல் அப்படியில்லை.

சீனன்குடாக் காட்டுக்குள் பழைய எண்ணெய்த் தாங்கிகள்
துருப்பிடித்து நிற்கின்றன, தலையில் ஆலங்கன்றோடு.
அவை சுமந்த எண்ணெயும் ஒருகாலம் கடல்தான்.
வெயில் தின்ற பாசி
செத்து அடியில் படிந்து
மண்மேல் மண் மூடிக்
கோடி வருசம் இறுகிக் கிடந்த போத்தல்.
பெருவிரலால் ஒரே அழுத்து.
கொழும்புக்குப் போகவும்
கலியாண வீட்டுக்கு லைட் போடவும்.

இப்போது கடல்
தன் பழைய பிணத்தைப்
புகையாக விழுங்குகிறது.
விழுங்க விழுங்கப் புளிக்கிறது.

நகத்தளவு மட்டி ஓடு ஒன்றைப்
போத்தலுக்குள் போட்டுச் சோடா அடைத்துத்
தட்டில் வைத்தேன்.
ஆருக்கு ஊறுகாய் என்று யோகேஸ் சிரித்தான்.
ஒரு கிழமையில் பளபளப்புப் போனது.
பிறகு வரிகள்.
பிறகு விளிம்பில் மாவு.

ஜெஸீலா வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள்.
"கடல் இவ்வளவு புளிப்பில்ல,
இவ்வளவு அவசரமும் இல்ல" என்றாள்.
நான் ஆறுதலாகப் பார்த்தது தெரிந்திருக்க வேண்டும்,
"ஆனா அங்க ஓடு ஒண்டில்ல" என்றாள்.

புறாத்தீவில் முருகைக்கல் வெளுத்த கதை
ஊருக்கே தெரியும்.
அது புளிப்பால் இல்லை, சூட்டால்.
சூடு என்றதும் என் தொழில் மூளை விழித்தது.
"தங்கச்சி, கடல் சுட்டால்?
குடிச்சதெல்லாம்...?"

அவள் பெருவிரல்
தன் சோடாவின் போளைமேல் இருந்தது.
அழுத்தவில்லை.
"குடிக்கிறது குறையும்" என்றாள் மெதுவாக.
"மிச்சம் எங்கட தலைக்கு மேல நிக்கும்.
நிண்டா இன்னும் சுடும்."
மேலே தகரம் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கரண்ட் போனது.
வாசலில் வான் ஒன்று நின்று
"முதலாளி, ஆறு சோடா,
நல்லாக் கூலா!" என்றது.

யோகேஸ் என்னைப் பார்த்தான்.
நான் ஜெஸீலாவைப் பார்க்கவில்லை.
குனிந்து
ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன்.
முதல் இழுவையில் பற்றவில்லை.
இரண்டாவதில் பற்றியது.